சூடு, வாரம், சக்தி: நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் புற்றுநோய் மருந்துக்கான பாதுகாப்பு அறிவுரைகளும் ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் மொழிநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

புற்றுநோய்க்கான மருந்துகள் பல, நோயாளியின் நோயெதிர்ப்பாற்றலைத் தற்காலிகமாகக் குறைக்கின்றன. அக்காலத்தில் வீட்டிலும் வேலையிடத்திலும் கடைப்பிடிக்க வேண்டியவற்றை மருத்துவமனைகள் அச்சிட்ட தாளாகவோ வாய்மொழியாகவோ சொல்லி அனுப்புகின்றன. அவ்வறிவுரைகளில் இடம்பெறும் சில சொற்களுக்கு மக்கள் வழக்கில் முன்பே வேறு பொருளும், அப்பொருளோடு பிணைந்த வேறு செயலும் உண்டு. அதனால் சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அறிவுரையும் தவறான செயலுக்கு இட்டுச்செல்லக்கூடும். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் பின்னணியில் இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவத் தமிழ், நோயாளி அறிவுரை, மெத்தோட்ரெக்சேட், எல்லைப்புற மொழிநிலை, ஏவல் தொடர்கள்

மருந்தும் அதன் இயல்பும்

மெத்தோட்ரெக்சேட்டின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் தம் குழுவினருடன் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினார். அதன் செயலைத் தடுக்கும் பொருள்களும் அங்கேயே உருவாயின. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் கண்டதாக 1948 ஜூனில் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

உயிரணு பிளவுபட்டுப் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் அந்த வழியை அடைக்கிறது. விரைவாகப் பெருகும் புற்றணுக்கள் இதனால் தேய்கின்றன. ஆனால் உடலில் இயல்பாகவே விரைந்து பெருகும் இடங்களும் உள்ளன: எலும்பு மஜ்ஜை, வாயின் உட்படலம், குடலின் உட்படலம். மருந்து இவற்றையும் விட்டுவைப்பதில்லை. எனவே அளவு மிகும்போது முதலில் தெரிவன வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்குமே. கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வது மஜ்ஜையில் வெள்ளணுக்கள் குறைவது. அவற்றுள் கிருமியோடு முதலில் போரிடும் நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்குக் கீழே இறங்குமானால், அந்நிலையில் வரும் காய்ச்சல் அவசர நிலையாகும். பல வேதிச்சிகிச்சை மருந்துகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் இந்த இறக்கம் அடிமட்டத்தைத் தொடுகிறது. அப்போது நோயாளி பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்.

இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. சீழ் என்பது பெரும்பாலும் மடிந்த நியூட்ரோஃபில்களின் திரள். அவை இல்லாத உடலில் புண் சீழ்பிடிக்காது. சிவப்பும் வீக்கமும்கூடச் சரியாகத் தோன்றா. 'புண் பழுக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்ற நம் அன்றாட அளவுகோல் இவரிடம் பொய்த்துவிடுகிறது. நம்பத்தக்கதாக எஞ்சும் அடையாளம் காய்ச்சல் ஒன்றே.

எல்லைப் பகுதியின் மொழிநிலை

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் அப்பால். அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் நிறுவனம் இயங்கினாலும், இப்பகுதியினர் பலருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது 1973இல் தொடங்கப்பெற்ற பெங்களூரு கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனமும், அதே நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் மருத்துவமனைகளுமாகும். மருந்து கர்நாடகத்தில் ஏற்றப்படுகிறது. காய்ச்சல் தமிழ்நாட்டில் வருகிறது. அறிவுரைத் தாளின் மொழி கன்னடமாகவோ ஆங்கிலமாகவோ இருப்பது இயல்பே.

தமிழில் மொழிபெயர்த்துத் தந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி. கிருஷ்ணகிரியில் உருது பேசுவோரும் உள்ளனர். சிப்காட் தொழிற்பேட்டையின் தொழிலாளர்களுள் வட மாநிலத்தவரும் கணிசம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின் பள்ளியில் சேர்ந்த இளையோர் தமிழ் படிக்கின்றனர்; அவர்களுடைய பெற்றோருள் தெலுங்கு வழியிலோ கன்னட வழியிலோ பயின்றவர் உண்டு. ஆகவே பல வீடுகளில் தாளைப் படிப்பவர் ஒருவர், மருந்து கொடுப்பவர் வேறொருவர், உண்பவர் மூன்றாமவர். அச்சுத் தமிழ் ஒரு சிறுமியின் வாயால் தெலுங்காகி, பாட்டியின் காதைச் சென்றடைகிறது. அறிவுரையை எழுதுவோர் இந்தப் பயணம் முழுவதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு இடமில்லாத குறியீடு

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பொறுத்தவரை உலகெங்கும் அறியப்பட்ட பெரும் பிழை, வாரம் ஒருமுறை உண்ண வேண்டியதை நாள்தோறும் உண்பது. உயிரிழப்பு வரை சென்ற நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், நீண்டகாலப் பராமரிப்புச் சிகிச்சையாக இரண்டு மாத்திரைகள் சேர்ந்து தரப்படுகின்றன: மெர்காப்டோப்யூரின் நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை. ஒரே உறையில், ஒரே சீட்டில் இரண்டு கால அளவுகள். மூட்டுவாதத்திற்கும் இதே மாத்திரை வாரம் ஒருமுறையே தரப்படுகிறது.

நம் மருந்துச் சீட்டுகளில் காலை, நண்பகல், இரவு என்பதை '1–0–1' என்று எழுதும் வழக்கம் உண்டு. எழுத்தறியாதவரும் அறிந்த குறியீடு அது. தமிழர், தெலுங்கர், கன்னடர், ஒடியர் யாவரும் ஒன்றுபோலப் படிக்கும் ஒரே 'மொழி' எல்லைப் பகுதியில் இதுவே எனலாம். ஆனால் அதன் இலக்கணத்தில் நாளின் மூன்று பொழுதுகளுக்கு மட்டுமே இடம் உண்டு, வாரத்துக்கு இடமில்லை. மெத்தோட்ரெக்சேட்டை '1–0–0' என்று எழுதி ஓரத்தில் ஆங்கிலத்தில் 'வாரந்தோறும்' என்பதற்கான சொல்லைச் சேர்த்தால், எண்கள் படிக்கப்படும், ஓரக்குறிப்பு விடுபடும். இம்மருந்துக்கு அக்குறியீட்டைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து.

'வாரம் ஒருமுறை' என்று தமிழில் எழுதுவதும் முழுத்தீர்வாகாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'வாரம்', 'வார' என்னும் சொல் ஏழு நாள்களைக் குறிப்பதோடு, கிழமைப் பெயரின் ஈறாகவும் வருகிறது. 'எந்தக் கிழமை' என்று கேட்க அதே சொல்லையே பயன்படுத்துவர். எனவே கிழமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். அங்கும் ஒரு கண்ணி உள்ளது. ஆங்கிலத்தில் திங்கட்கிழமையின் சுருக்கம் 'காலை' என்னும் சொல்லோடு மயங்கக்கூடும் என்பதால் அந்நாளைத் தவிர்க்கும் வழக்கம் பிரித்தானியாவில் உண்டு. நமக்கும் திங்கள் ஆகாது, வேறு காரணத்தால்: செந்தமிழில் திங்கள் என்பது மாதமும் ஆகும். 'திங்கள் ஒருமுறை' என்பதைத் தமிழாசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை என்றே கொள்வார். ஞாயிறு மூன்று மொழிகளில் மூன்று பெயர் பெறுகிறது: தமிழில் ஞாயிறு, தெலுங்கில் ஆதிவாரம், கன்னடத்தில் பானுவார. மூன்றையும் அச்சிட்டு, ஏழு கட்டங்களில் ஒன்றில் மட்டும் மாத்திரையின் படத்தை வைப்பது பயன்தரும். மற்ற ஆறு கட்டங்களையும் வெறுமையாக விடாமல், குறுக்குக்கோடு இட வேண்டும்.

'காலை' என்ற சொல்லும் தொழிற்பேட்டையில் உறுதியானதன்று. இரவுப்பணி முடித்து வருபவருக்குக் காலை என்பது உறங்கப்போகும் நேரம். பணிமுறை மாறும் வாரத்தில் அவருடைய விடுமுறை நாளும் மாறலாம். 'விடுமுறை நாளில் உண்க' என்று நினைவுக்கு எளிதாகச் சொல்லப்படும் உத்தி, இவரிடம் ஒரு வாரத்தை 5 நாளாகவோ 9 நாளாகவோ ஆக்கிவிடும்.

சூடு

தமிழரின் உடல்சார் சொற்களுள் 'சூடு' போலப் பரந்த பொருளுடையது குறைவு. வாய்ப்புண் சூட்டினால் வருவது, நீர்க்கடுப்பு சூட்டினால் வருவது, வயிற்றுப்போக்கு சூட்டுபேதி, உடம்பு கணகணவென்றிருந்தால் அதுவும் சூடு. தெலுங்கில் 'வேடி', கன்னடத்தில் 'உஷ்ண' என்று இதே கருத்து உண்டு. மொழி மாறினாலும் கருத்து மாறவில்லை. மருந்தும் ஏறத்தாழ ஒன்றே: மோர், இளநீர், வெந்தயம், சீரகத் தண்ணீர், எண்ணெய்க் குளியல்.

மெத்தோட்ரெக்சேட் உண்பவருக்கு மருத்துவர் அபாய அறிகுறிகளாகச் சொல்பவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் வியப்பு மிகும். வாய்ப்புண் மருந்தளவு மிகுந்ததன் முதல் அடையாளம். வயிற்றுப்போக்கு குடற்படலம் சிதைவதன் அடையாளம். நீர்க்கடுப்பு சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். காய்ச்சல் இரத்தத்தில் கிருமி கலந்ததன் ஒரே சான்றாக இருக்கலாம். மருத்துவம் தனித்தனியே அஞ்சும் நான்கையும் நம் வழக்கு ஒரே சொல்லில் திரட்டி, அஞ்சவேண்டாதது என்று ஆறுதல் கூறுகிறது. இளநீர் குடிப்பதால் நேரும் தீங்கு சிறிது. அது எடுத்துக்கொள்ளும் ஓர் இரவு பெரிது. வெள்ளணு குறைந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி ஊசியாகச் செலுத்தப்பட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

எனவே 'உடல் சூடு அதிகமானால் மருத்துவரை அணுகவும்' என்ற தொடர் இம்மக்களிடம் பயன்படாது. 'சூடு என்று நினைக்காதீர்கள்' என்று அச்சொல்லையே எடுத்து மறுக்க வேண்டும். அதன்பின் எண் வர வேண்டும். பல மருத்துவமனைகள் 38 டிகிரி செல்சியசை எல்லையாகச் சொல்கின்றன. நம் வீடுகளிலுள்ள வெப்பமானிகளோ பெரும்பாலும் ஃபாரன்ஹீட் காட்டுபவை. அதில் அந்த எல்லை 100.4. செல்சியஸ் எண்ணை மட்டும் அச்சிட்டால், 101 காட்டும் கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் 38ஐத் தேடிக்கொண்டிருப்பார். அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். காய்ச்சல் மாத்திரையைத் தாமாகவே போட்டுக்கொண்டால் எண் இறங்கும், தொற்று இறங்காது. ஒரே அடையாளமும் அழிந்துபோகும்.

வாய்ப்புண்ணுக்குக் கடையில் வாங்கும் சத்து மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் உண்டு. பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையிலும் அது உண்டு. மூட்டுவாத நோயாளிக்கு மருத்துவரே அதனை எழுதித்தருவார்; புற்றுநோய்ச் சிகிச்சையில் அது மருந்தின் பயனைக் குறைக்கக்கூடும். ஆகவே பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் வகுப்பாசிரியரும் இதை அறிந்திருக்க வேண்டும். கீரை உண்பதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. கோட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லியும் ஃபோலிக் அமிலத்தின் வழியையே அடைப்பது. மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் மஜ்ஜை ஒடுங்கிவிடக்கூடும். ஆயினும் நுரையீரல் தொற்றைத் தடுக்கப் புற்றுநோய் மருத்துவர் அதைத் திட்டமிட்டுத் தருவதும் உண்டு. 'கூடாது' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், 'உங்கள் புற்றுநோய் மருத்துவர் எழுதித் தந்தாலன்றி உண்ணாதீர்கள்' என்பதே பொருந்தும். வலி மாத்திரைகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். அவை சிறுநீரகத்தின் வழியே மெத்தோட்ரெக்சேட் வெளியேறுவதைத் தடுக்கக்கூடும். மது ஆகாது, கருவுறுதல் ஆகாது. இவ்விரண்டிலும் மொழிச்சிக்கல் இல்லை.

சக்தியும் அம்மையும்

கொரோனாக் காலத்திற்குப் பின் 'நோயெதிர்ப்புச் சக்தி' என்பது பாடநூற் சொல்லாக இல்லை. எல்லோர் வாயிலும் புழங்குவது. 'இந்த மருந்தால் உங்கள் நோயெதிர்ப்புச் சக்தி குறையும்' என்றதும், குறைந்த சக்தியை ஏற்ற வேண்டும் என்ற செயல் தானே தொடர்கிறது. கபசுரக் குடிநீர், சீந்தில் என்று வீடு தேடும். சீந்தில் உண்டவர்களிடம் கல்லீரல் பாதிப்புக் கண்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத் தாக்கவல்லது. 'கிருமியோடு போரிடும் வெள்ளணு குறையும். அது தானே மீளும்வரை காத்துக்கொள்ள வேண்டும். கூட்ட முயல வேண்டா' என்று கூறலாம். 'கவுன்ட் இறங்கிவிட்டது' என்று நோயாளிகளே சொல்லும் தொடர் நம் கலைச்சொல்லைவிடத் தெளிவானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

'அம்மை' இன்னும் நுட்பமானது. தமிழில் அம்மை, தெலுங்கில் அம்மவாரு, கன்னடத்தில் அம்ம. மூன்றும் தாயின் பெயர். அம்மை கண்ட வீட்டில் மருத்துவமனைக்குப் போவதைவிட வேப்பிலை கட்டுவது முந்துகிறது. வெள்ளணு குறைந்த குழந்தைக்குச் சின்னம்மை உயிரைப் பறிக்கவல்லது. பக்கத்து வீட்டில் சின்னம்மை கண்டவரோடு பழகியிருந்தாலே, தனக்கு வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்துக்குக் கிடைக்கும் காலம் சில நாள்களே. 'சின்னம்மை' என்று மட்டும் எழுதினால், தட்டம்மை அதில் அடங்காது என்று படிப்பவர் விலக்கிவிடலாம். 'எந்த அம்மையானாலும்' என்பதே பாதுகாப்பான தொடர். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளும் இக்குழந்தைக்கு ஆகா. போலியோச் சொட்டு மருந்து முகாமில், அதே வீட்டிலுள்ள தம்பி தங்கைக்குச் சொட்டு மருந்து தரும் முன்னும் செவிலியரிடம் சொல்ல வேண்டும். சொட்டு மருந்தின் கிருமி வீட்டுக்குள் பரவக்கூடியது.

வேலையிடம்

பொது அறிவுரைத் தாள்கள் 'கூட்டத்தைத் தவிர்க்கவும், தோட்டவேலை செய்ய வேண்டாம்' என்பதோடு நின்றுவிடுகின்றன. ஓசூர்ப் பகுதியில் ரோசா வளர்ப்பு தோட்டவேலையாகக் கருதப்படுவதில்லை, அது பிழைப்பு. பசுமைக்குடிலில் பூப்பறிப்பவரின் விரலில் முள் குத்தாத நாள் இராது. மண்ணிலும் முள்ளிலும் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் அவ்வழியே நுழையும். ரோசா வளர்ப்போர் நோய் என்றே பெயர்பெற்ற பூஞ்சைத் தொற்று ஒன்று மருத்துவ நூல்களில் உண்டு. முன்னரே கூறியதுபோல, இவருக்குப் புண் பழுத்துக் காட்டாது. கடைசல் எந்திரங்களில் உலோகத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளரக்கூடும். வெள்ளணு குறைந்தோரிடம் மருத்துவர் மிகவும் அஞ்சும் கிருமிகளுள் அது ஒன்று. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் குவாரியில் வேலை செய்பவர் வறட்டு இருமலைத் தூசியின் மேல் போடுவார். மெத்தோட்ரெக்சேட்டே நுரையீரலை அழற்சியுறச் செய்யும்போதும் வருவது அதே வறட்டு இருமல்.

உணவைப் பற்றிய தடைகள் இத்தாள்களில் அளவுக்கு மீறி இடம்பிடிக்கின்றன. பச்சைக் காய்கனிகளை முற்றிலும் விலக்குவதால் தொற்று குறைகிறது என்பதை அண்மைய ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. கழுவுதல், தோலுரித்தல், காய்ச்சாத பாலை விலக்குதல், கை கழுவுதல் இவையே போதுமானவை. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குழந்தைக்கு மாம்பழம் மறுக்கப்பட வேண்டியதில்லை.

ஏவலின் இலக்கணமும் அட்டையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அவர் காலம்தொட்டு நம் கவனம் மருத்துவர்க்கான கலைச்சொல்லில் குவிந்தது. நோயாளிக்கான தொடரமைப்பை நாம் அவ்வளவாக ஆராயவில்லை. 'நோய்த்தொற்று ஏற்படின் மருத்துவரை அணுகவும்' என்ற வகைத் தொடரை எடுத்துக்கொள்வோம். நோய்த்தொற்று என்பது மருத்துவரின் முடிவு. நோயாளி உணர்வது நடுக்கம். நிபந்தனையே அவருக்கு எட்டாதது. எந்த மருத்துவர், எப்போது என்பதும் இல்லை. 'வும்' என்று முடியும் மரியாதை ஏவலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. 'காய்களைக் கழுவவும்' என்பதும் 'உடனே வரவும்' என்பதும் ஒரே எடையில் ஒலிக்கின்றன. பத்து அறிவுரைகளுக்குள் ஒன்பதாவதாக உயிர்காக்கும் அறிவுரை ஒளிந்துகிடக்கும்.

அதனைத் தனியே பிரித்து, பணப்பையில் வைக்கத்தக்க அட்டையாக்கலாம். பிற நாடுகளில் இவ்வகை எச்சரிக்கை அட்டைகள் வழக்கில் உள்ளன. எல்லைப் பகுதிக்கேற்ற வாசகம் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன்:

'வெப்பமானி 100.4 அல்லது அதற்கு மேல் காட்டினாலோ, உடம்பு நடுங்கினாலோ, நடு இரவானாலும் அப்போதே பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பெங்களூரு போகும்வரை காத்திருக்காதீர்கள். இது சூடு அல்ல. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். இந்த அட்டையைக் காட்டுங்கள்.'

'போங்கள்' என்னும் வடிவம் ஆய்வுத் தமிழுக்குச் சற்றுத் தாழ்ந்ததாகத் தோன்றலாம். சிறுமி பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது அதுவே நிற்கும். 'பெங்களூரு போகும்வரை' என்ற தொடரைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு: சிகிச்சை தந்த மருத்துவமனைக்கே திரும்ப வேண்டும் என்ற எண்ணம் வலுவானது, விடியற்காலைப் பேருந்துக்குக் காத்திருப்பதில்தான் நேரம் கரைகிறது. 108 ஊர்தி இரு மாநிலங்களிலும் உண்டு. ஓசூர் அரசு மருத்துவமனையிலோ, 2022இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இரவுப்பணியிலிருக்கும் மருத்துவர் இந்நோயாளியை முன்பின் பார்த்திருக்க மாட்டார். ஆதலால் அட்டையின் மறுபுறம் அவருக்கானது: மருந்தின் பெயர், கடைசியாகத் தந்த நாள், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கிருமிக்கொல்லியைத் தொடங்குமாறு வேண்டுகோள். அப்பக்கம் ஆங்கிலத்தில் இருப்பதே தகும். தமிழ்ப்பற்று அங்கே குறுக்கே நிற்க வேண்டியதில்லை. அதன் அடியில் வரும் பெங்களூரு மருத்துவமனையின் தரைவழித் தொலைபேசி எண்ணை 080 என்னும் முன்குறியீட்டுடன் அச்சிட வேண்டும். அது இல்லாமல் ஓசூரிலிருந்து கைப்பேசியில் அழைப்பவருக்கு இணைப்புக் கிடைக்காது.